கருத்துக் கேட்கப் போனவனின் விலா எலும்பு

என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரு படத்தில்கூட நான் சிரித்திருக்க மாட்டேன். பக்கத்தில் ரெஜினா பட்டுப்புடவையில் பளிச்சென்று நிற்பாள். நானோ கோட்டு சூட்டுக்குள், ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நிற்கிறவன் மாதிரி நிற்பேன். "கட்டாயக் கல்யாணமா தம்பி?" என்று ஒரு தூரத்து உறவுக்காரர் காதோடு காதாகக் கேட்டே விட்டார்.

கட்டாயமெல்லாம் இல்லை. விலா எலும்பில் விரிசல். சிரித்தால் வலிக்கும். அந்த விரிசலைப் போட்டவர் ரவுடியும் இல்லை, லாரியும் இல்லை. 'உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி இருக்க வேண்டும்?' என்று நான் கருத்துக் கேட்கப் போன ஊரின் பொதுமக்களில் ஒருவர். (மக்கள் பங்கேற்பு என்பதை என் அளவுக்கு எலும்பு வரை அனுபவித்தவன் இந்த விழுப்புரம் மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.)

அப்போது நான் சமூகப்பணியில் எம்.ஏ. முடித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பதவியின் பெயர் கள ஒருங்கிணைப்பாளர். பைக்கில் ஊர் ஊராகப் போக வேண்டும். மக்களைக் கூட்டி உட்கார வைத்து, அரசு ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு என்ன வசதி வேண்டும், என்ன மாற வேண்டும் என்று கேட்டு, அதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்களே வைத்திய சேவை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லட்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் கொள்கை. அருமையான கொள்கை. இன்றைக்கும் நம்புகிறேன். நான் அதைச் செய்த விதத்தில்தான் கோளாறு.

அதற்கு முன் நான் நடத்திய கூட்டங்களில் எல்லாம் மக்கள் ஒற்றுமையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க." என் மேலதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அருள், அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்தா உங்கள களத்துக்கு அனுப்ப மாட்டேன். ஆபீஸ்ல என் எதிர் டேபிள்ல உக்காந்துடுங்க" என்றார். அவருக்கு எதிரே உட்காருவது வேலை போவதைவிடக் கொடுமை. தவிர, அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு வானூர் பக்கம். பெண்ணின் அப்பா லூர்துசாமி மாமா கட்டட மேஸ்திரி. 'மாப்பிள்ளை சுகாதாரத் துறையில் பெரிய ஆபீசர்' என்று அவர் தான் கட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே, இந்தக் கூட்டத்தில் எப்படியாவது மக்கள் வாயைத் திறக்க வைத்துவிடுவது என்ற வெறியோடு கிளம்பினேன். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். (பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.) கூட்டம் சமுதாயக் கூடத்தில். சுகாதார நிலையம் ஊரின் மறுகோடியில், மெயின் ரோட்டோரம். அங்கே இருக்கிற டாக்டரம்மா நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்.

கூடம் நிறைந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்து, நோயாளியின் உரிமை, மக்களின் குரல் என்றெல்லாம் முழங்கினேன். கடைசியில், "உங்க ஆஸ்பத்திரியில என்ன குறைன்னு தைரியமா சொல்லுங்க" என்றேன்.

மின்விசிறிகள் மட்டும் சத்தம் போட்டன.

"சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க."

"குறை இன்னா இருக்குது சார், மாத்திரை குடுக்கறாங்க" என்றார் ஒரு பெரியவர்.

"டாக்டரம்மா தங்கமானவங்க" என்றார் ஒரு அம்மாள்.

"டீ எப்ப சார் வரும்?" என்றது பின்வரிசை.

கருத்தை எழுதி ஒட்டுவதற்கு மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுக் காகிதங்கள் கொடுத்திருந்தேன். ஒருவர் அதில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டார். இன்னொருவர் மடித்துக் காது குடைந்தார். மைக் அடிக்கடி 'கொய்ங்' என்று அலறிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் மனம் திறந்து பேசியது.

அப்போதுதான் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த ஒரு வழி ஞாபகம் வந்தது. மக்கள் பேசத் தயங்கினால் ஒரு காட்சியை நடித்துக் காட்டுங்கள், பார்க்கிறவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குள் ஒரு நடிகன் உண்டு. எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் போடுகிற, இயேசுவைச் சிலுவையில் அறைகிற பாஸ்கா நாடகத்தில் பல வருஷம் நடித்திருக்கிறேன். ரோமானியச் சிப்பாய் வேஷம். ஈட்டியோடு நிற்க வேண்டும், வசனம் கிடையாது. (ஒரே ஒரு தடவை தும்மினேன். ஊரே பாராட்டியது.) இப்படி வாய்ப்புக் கிடைக்காமல் உள்ளே அடைந்து கிடந்த திறமை மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

மைக்கை வாயருகே வைத்துத் தெளிவாக அறிவித்தேன். "இப்போது நான் திடீரென்று நெஞ்சு வலி வந்த ஒரு நோயாளியாக நடிக்கப் போகிறேன். நீங்கள் என்னை எங்கே கொண்டுபோவீர்கள், அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும்."

எனக்குத் தெரியாத விஷயம், மைக்செட்காரர் அலறல் பொறுக்காமல் மிஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். நான் பேசியது முன்வரிசையில் இருந்த ஒரே ஒரு பெரியவருக்குத்தான் கேட்டது. அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். அதை நான் ஊரின் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நெஞ்சைப் பிடித்தேன். கண்ணைச் செருகினேன். நாற்காலியோடு சேர்ந்து சரிந்து, ஒரு புரள் புரண்டு, மல்லாந்தேன்.

கூடமே எழுந்துவிட்டது. "ஐயோ சாருக்கு இன்னாவோ ஆயிப்போச்சு" என்று ஒரு குரல். நாற்காலிகள் விழுகிற சத்தம். கண்ணை மூடியபடியே எனக்குப் புல்லரித்தது. இத்தனை நேரம் கல்லாக உட்கார்ந்திருந்த மக்கள் என்னமாய்ப் பங்கேற்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில் இரண்டு முனகல் கூடுதலாகப் போட்டேன்.

முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. மூக்கில் யாரோ வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தார்கள். கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார்கள். (அது வலிப்புக்குச் செய்வது. எந்த நோய் என்பதில் கூட்டத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.) சரி, போதும், எழுந்துவிடலாம் என்று நான் நினைத்த அந்த நொடியில்தான் தனலட்சுமி அக்கா வந்தார்.

அன்றைக்கு அவர் பெயர் எனக்குத் தெரியாது. சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் எறிகிறவர். அந்தக் கைகள்தான் என் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தன.

"தள்ளுங்க எல்லாரும். போன்ல பாத்திருக்கேன். இப்டித்தான் அமுக்கணும்."

அமுக்கினார். என் உடம்பில் இருந்த காற்று மொத்தமும் ஒரே தவணையில் வெளியே போனது. கண் திறந்துகொண்டது. "அக்கா, நான் நடி..." என்று ஆரம்பித்தேன். இரண்டாவது அமுக்கு.

"நடு..."

"நடுக்கம் வந்துடுச்சிப்பா இவருக்கு" என்று யாரோ கத்தினார்கள்.

"வண்டி எட்றா பாபு, ஜல்தி" என்றார் தனலட்சுமி அக்கா, அமுக்குவதை நிறுத்தாமல்.

பாபு என்பவர் அவர் சொந்தக்காரர், குட்டி யானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிறவர். விக்கிரவாண்டிக்கு மல்லாட்டை ஏற்றிக்கொண்டு கிளம்ப இருந்த வண்டி வெளியே நின்றது. நாலு பேர் என்னைத் தூக்கி மூட்டைகள் மேல் போட்டார்கள். யாரோ ஒருவர், "நம்ம ஆஸ்பத்திரி இங்கதான இருக்குது, அங்க காட்டலாமே" என்றார்.

"அங்க எதுக்குடா?" என்றார் தனலட்சுமி அக்கா. "மதியத்துக்கு மேல ஆரு இருக்காங்க அங்க? இருந்தாலும் திண்டிவனத்துக்குப் போன்னு எழுதித்தான் குடுப்பாங்க. நேரா போயிடலாம் வா."

காலையிலிருந்து மைக்கில் நான் கெஞ்சிக் கேட்ட கருத்து அதுதான். அது எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் மூட்டை மேல் மல்லாந்து கிடந்தேன், கையில் பேனா இல்லை. போனும் பைக்கும் கூடத்தோடு நின்றுவிட்டன.

வண்டி கிளம்பியது. அக்கா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் மூச்சைச் சேகரித்து, "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா நடிச்சுக் காட்டினேன்" என்று முழு வாக்கியமாகவே சொல்லி முடித்தேன்.

"பேசாதீங்க சார்."

"நிஜமா அக்கா. நெஞ்சு வலியே இல்ல."

"எங்க வீட்டுக்காரரும் இதேதான் சொன்னாரு" என்றார். "வெறும் காத்துடீ, ஒண்ணும் இல்லன்னாரு. ரெண்டு வருசம் ஆவுது. இதே வெயில் நேரம். நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் மொதல்ல இட்டுக்கினு போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. திரும்பிக்கினு வந்து, பஸ்ஸுக்கு நின்னு, அப்புறம் ஒருத்தன் வண்டியில கெஞ்சி ஏறி... பொழச்சிக்கினாரு. ஆனா இப்பவும் கொல்லிக்குப் போனா வரப்புல உக்காந்து பாத்துக்கினுதான் இருக்க முடியும். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மான்னு சொன்னாங்க பெரியாஸ்பத்திரியில. நான் இன்னா ஊட்ல தூங்கிக்கினா இருந்தேன்?"

மூட்டை மேல் படுத்தபடி, சுகாதார நிலையத்தின் போர்டு தலைகீழாகப் பின்னால் போவதைப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாங்க. அசையாதீங்க" என்றார் அவரும். மிஷினில் காகிதம் ஓடியது. அப்போது மாத்திரைத் தட்டோடு உள்ளே வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அவர் ஸ்டெல்லா அத்தை. லூர்துசாமி மாமாவின் கூடப்பிறந்த தங்கை.

"மாப்பிள்ளே" என்றார். தட்டைக் கீழே வைத்தார். போனைக் கையில் எடுத்தார்.

"அத்தே, வேணாம், நான் சொல்றத..."

அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் ஒயர்களோடு கட்டிப்போட்ட ஆடு மாதிரி கிடந்தேன்.

இதற்குள் அம்மா என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். சமுதாயக் கூடத்தில் யாரோ அதை எடுத்து, "உங்க புள்ளைக்கு நெஞ்சு வலின்னு தூக்கிக்கினு போயிட்டாங்கம்மா" என்று பொறுப்பாகத் தகவல் சொல்லியிருக்கிறார். என்னைக் குட்டி யானையில் ஏற்றுகிற வீடியோ எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே வரிசையாக ஜெபக் கைகள்.

சாயங்காலத்துக்குள் என் கட்டிலைச் சுற்றி இரண்டு குடும்பமும் நின்றது. இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலாவில்தான் லேசாக விரிசல், யாரோ பலமாக அழுத்தியிருக்கிறார்கள் என்றார். (அழுத்தியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எப்படி அழுத்த வேண்டும் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார்.) ஆனால் லூர்துசாமி மாமாவுக்குச் சமாதானம் ஆகவில்லை.

"சம்மந்தி, முன்னமே இருந்துச்சா இது? சொல்லாம வுட்டுட்டீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மாவின் கண் கலங்கியது. நான் குறுக்கே விழுந்தேன். "மாமா, எனக்கு நெஞ்சு வலியே வரல. வந்த மாதிரி நடிச்சேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த உண்மை இவ்வளவு மோசமாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நடிச்சீங்களா?" என்றார் ஸ்டெல்லா அத்தை.

மாமா என்னையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

காலையில் மாப்பிள்ளையாகக் கிளம்பியவன் சாயங்காலம் தம்பியாகியிருந்தேன். ஒன்று நான் இதய நோயாளி, இல்லையென்றால் கல்யாணத்திலிருந்து தப்பிக்கிற நடிகன். மூன்றாவதாக ஒரு முட்டாள் இருக்கலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை.

ரெஜினா புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தாள். வேலை முடிந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, மாமா உட்பட எல்லோரும் போய்விட்டார்கள்.

"நெஞ்சு வலி இருக்குதா?"

"இல்ல. விலாதான் வலிக்குது."

"கல்யாணம் வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப எதுக்கு நடு ஊர்ல போய் விழுந்தீங்க?"

மஞ்சள் பச்சைக் காகிதம், மைக், முனகல், வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில், "நடிக்கிறேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அந்த அக்கா அமுக்கினதுல நடுக்கம்னு கேட்டுடுச்சு" என்றேன்.

அவள் முதலில் சாப்பாட்டுப் பையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் விலாவில் கத்தி செருகின மாதிரி வலித்து, "அம்மா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். கதவு படாரென்று திறந்தது. ஸ்டெல்லா அத்தை ஒயர்களோடு ஓடி வந்தார். பின்னாலேயே தனலட்சுமி அக்கா, கைகளை விரித்தபடி. ரெஜினா குறுக்கே நின்று என்னைக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

"அப்பா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவருக்கு இதயம் நல்லாத்தான் இருக்குது. புத்திதான் கொஞ்சம் அப்டி இப்டி. அத நான் பாத்துக்கறேன்."

இருட்டுகிற நேரத்தில் ஊர் டாக்டரம்மா வந்தார். வீடு திண்டிவனத்தில்தான். என் போனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், கூட்டம் கெட்டுப்போச்சு" என்றேன்.

"கெட்டுப்போச்சா? இப்பதான் சார் முடிஞ்சுது" என்றார்.

என்னைத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் அவர் கூடத்துக்கு வந்திருக்கிறார். என்னை ஏன் தன்னிடம் கொண்டுவரவில்லை என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான். அதுவரை சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கூட்டம் பொங்கிவிட்டது.

"ஈசிஜி மிஷின் அங்கயே இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல சார்" என்றார். "மதியத்துக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்கன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. நான் உள்ளதான் இருக்கேன். ஆடு உள்ள வந்து படுத்துக்குதுன்னு முன்கதவ சாத்தி வைக்கிறோம். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் பண்ணியிருக்காங்க. சாத்தின கதவப் பாத்துட்டு ஜனங்க திரும்பிப் போயிடறாங்க."

வெளியே பெஞ்சில் இருந்த தனலட்சுமி அக்கா வண்டியில் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதை அவரிடம் சொன்னேன். டாக்டரம்மா எழுந்து வெளியே போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்கள்.

அந்த வாரமே முன்கதவு திறந்தது. ஆட்டுக்காக முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் போட்டார்கள். என்னென்ன பார்க்கப்படும், எத்தனை மணி வரை என்று தெருமுனையில் போர்டு வைத்தார்கள். கட்டட வேலைக்கு விடிவதற்குள் பஸ் ஏறுகிறவர்கள் பகலில் வர முடியாது என்று அன்றைக்குப் பெண்கள் சண்டை போட்டுச் சொன்னதால், வாரத்தில் ஒரு சாயங்காலமும் டாக்டர் பார்ப்பது என்று ஆனது. இதையெல்லாம் கவனிக்க ஊர்க்காரர்களும் நோயாளிகளும் சேர்ந்த ஒரு குழு. அதில் முதல் ஆள் தனலட்சுமி அக்கா. அடுத்த கூட்டத்தில் யாரும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்குது' என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கே சமயத்தில் பேஜாராகிவிடும் அளவுக்குப் பேசினார்கள்.

என் மேலதிகாரி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பிரமாதம் அருள். நெஞ்சு வலி உத்தி நல்லா வேலை செய்யுது. அடுத்த வாரம் விக்கிரவாண்டி பக்கம் ரெண்டு ஊர்ல இதே மாதிரி விழுந்துடுங்க" என்றார். நான் விலாவைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு எதிர் டேபிளில் உட்கார்ந்துகொள்வதாக நானே சொன்னேன்.

கல்யாணத்துக்குத் தனலட்சுமி அக்கா வீட்டுக்காரரோடு வந்திருந்தார். வரிசையில் வந்து ரெஜினாவின் கன்னத்தைத் தடவி, "ஒன் தாலிய காப்பாத்திக் குடுத்தவ நான்தாம்மா" என்றார். தாலி கட்டியே அப்போது அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த முகத்தைத்தான் போட்டோகிராபர் பிடித்து, பெரிதாக்கி, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு உடம்புக்கு முடியாமல் போகிற உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. தலைவலி என்றால், "மைக்கு ஆன்ல இருக்குதா?" என்பாள் ரெஜினா. காய்ச்சல் என்று படுத்தால் மாமனார் போனில், "எந்த ஊர்ல கூட்டம் மாப்பிள்ள?" என்பார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமனார் வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். காலையிலிருந்தே இடுப்பில் சுருக் சுருக்கென்று இருந்தது. பந்தியில் உட்காரப் போகும்போது இடுப்பிலிருந்து அடிவயிறு வரை யாரோ கயிறு போட்டு முறுக்கின மாதிரி வலித்தது. அப்படியே தரையில் சுருண்டேன். சிறுநீரகக் கல் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் முனகினேன், நிஜ முனகல். மாமனார் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "முன்ன விழுந்த அளவுக்கு இல்ல" என்றார். என் மகள் கை தட்டினாள். ரெஜினாதான் என் நெற்றி வேர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் புது டாக்டர். சின்ன வயசு. என்னைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எப்பலருந்து இப்படி இருக்கு?" என்று ரெஜினாவைக் கேட்டார்.

"வலி காலையிலருந்துங்க" என்றாள் அவள். "நடிப்பு கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்து."